இரண்டு வளைவு தள்ளி

நேற்று உன் தம்பி ஈஜிபுராவில் என் வீட்டுக்கு வந்து ஒரு செருப்புப் பெட்டியைக் கொடுத்தான். “அக்கா, இது உங்ககிட்டதான் இருக்கணும்னு அம்மா சொன்னாங்க. ஞாயித்துக்கெழம அவங்க நினைவுக் கூட்டத்துல நாலு வார்த்த பேசிடுங்க.” அவன் போனபின் திறந்தேன். காய்ந்த கடலின் வாடை. ராமேசுவரம் கரையில் நீ உளியால் பெயர்த்த பவளக் கல். ஒட்டியிருந்த சீட்டில் உன் அழகான கையெழுத்து. கல் கிடைத்ததாக எழுதியிருந்த இடம் பொய்.

நீ அதைப் பெயர்த்த காலையில் நீர் வற்றியிருந்தது. முழங்கால் உயரத்துக்குப் பவளங்கள், வளர்ந்த நிலையிலேயே கல்லாகி நின்றன. இடுக்குகளில் வாய் மூடிய சிப்பிகள். ஒரு காலத்தில் கடல் இவற்றுக்கு மேலே இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். நாம் இருவரும் கோலார் சுரங்கக்காரர்களின் பேத்திகள்; படித்தது நிலவியல். “நம்ம தாத்தாங்க கல்ல ஒடச்சாங்க, நாம கல்லுக்குக் காவல் நிக்கிறோம். சம்பளம் மட்டும் அதேதான் டி” என்றாய். சிரித்தேன். உன்னை நம்பிய காலம் அது.

கரையைப் பாதுகாக்கச் சொல்லி மனு எழுதியது நீ. படிக்காமல் கையெழுத்துப் போட்டது நான். அதிகாரிகள் போய்ப் பார்த்து, மணலைத் தவிர ஒன்றுமில்லை என்று எழுதியபோதுதான் தெரிந்தது: இடத்தைக் கரையில் இரண்டு வளைவு தெற்கே தள்ளிக் குறித்திருந்தாய்.

அடுகோடி டீக்கடையில் கேட்டேன். பன்னை டீயில் நனைத்துக்கொண்டே சொன்னாய்: “கரெக்டா லொகேஷன் போட்டா கல்லு விக்கிறவன் வந்து அள்ளிட்டுப் போயிடுவான். நீ சும்னே இரு, பேசாத. அப்புறம் மாத்திக்கலாம்.”

“யாரு மாத்துவா?”

“நான்தான். வேற யாரு?”

மாற்றவில்லை. உன் கட்டுரையிலும் அதே பொய் இடம். திருடனுக்குப் பயந்தாயாம். வேறு எவரும் அங்கே போய்விடக் கூடாது என்பதுதான் உன் பயம். அது தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

தை மாதம் தனியாகப் போனேன். பவளங்களின் மேல் படகுத்துறைக்குப் போகும் சிமெண்டுச் சாலை. பாசி எடுக்கும் பெண் ஒருத்தி என்னை அடையாளம் கண்டாள். “கல்லப் பாக்க வந்த புள்ளதானே? ரோடு போடுறதுக்கு முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா, தாயி?” அன்று இரவே உனக்குப் போன் செய்தேன். “இனிமே மாத்தி இன்னா ஆவப் போவுது?” என்றாய். அதன்பின் உன் போனை நான் எடுக்கவில்லை. ஆவணியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. சண்டையைப் பாதியில் விட்டுப் போவது உன் பழக்கம்தான்.

சாலையின் ஓரத்தில் பத்துப் பதினைந்து அடி இன்னும் மிச்சமிருக்கிறது. அதையும் மூடப் போகிறார்கள். உண்மையான இடத்தையும், பொய்யை எழுதியவள் யார், மறைத்தவள் யார் என்பதையும் அதிகாரிகளுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். உன் அம்மா இனி என் முகத்தில் விழிக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கும் நான் போகப்போவதில்லை.

புதுச் சீட்டு எழுதினேன். பழையதைக் கிழிக்கக் கூடாது என்பது நம் தொழிலின் விதி. அதனால் உன் பொய்யும் கல்லோடு இருக்கும்.

அடுத்த வாரம் அதிகாரிகளோடு கரைக்குப் போகிறேன். ஒரு முறை ஏமாந்தவர்கள் என் பேச்சை நம்ப மாட்டார்கள். நீ இந்தக் கல்லைப் பெயர்த்தெடுத்த பவளத்தின் மொட்டைத் தண்டு அந்த மிச்சத்தில்தான் நிற்கிறது. அவர்கள் கண்ணெதிரே கல்லை அதன்மேல் பொருத்திக் காட்ட வேண்டும். அதுவரை அது என் பையில் கனக்கும்.