ஒல்லாந்தக் களிசான்

இன்று காலை ஈரத்துணி விரித்து உன் களிசானை அயன் பண்ணினேன். சூடு பட்டதும் கம்பளியும் பூச்சி உருண்டையும் கலந்த மணம் அறை முழுக்கப் பரவியது. நம் பங்குக் கோயிலின் நத்தார் நாடகத்தை மறுபடியும் போடுகிறார்கள். ஒல்லாந்த அதிகாரி வேடத்துக்கு வேறொருவர் வந்திருக்கிறார்.

அந்த வேடம் உனக்குக் கிடைத்த அன்று வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி நேரே கொட்டாஞ்சேனைக்கு, என் வீட்டுக்கு வந்தாய். டச்சுக்காரர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில் மறைந்து வாழும் குருவானவரைத் தேடிப் பிடிக்கிற அதிகாரி நீ. கறுப்பு லெகின்ஸ் போதும் என்று நெறியாளர் சொல்லிவிட்டாராம்.

"லெகின்ஸ் போட்ட ஒல்லாந்தனுக்கு ஆர் மச்சான் பயப்பிடுவான்? நீ ஒரு களிசான் தைச்சுத் தா."

நான் அதுவரை தைத்தவை திரைச்சீலைகளும் தலையணை உறைகளும்தான். இருவரும் இணையத்தில் படங்களைத் தேடினோம். முழங்காலுக்குக் கீழே பொத்தான்கள். முன்னால் சிப் இல்லை, கதவுபோலக் கீழே திறக்கும் ஒரு மடிப்பு. இடுப்பின் பின்புறம் இழுத்துக் கட்ட ஒரு நாடா. பின்பக்கம் மட்டும் தொளதொளவென்றிருந்தது. அது எனக்குப் பிடிக்காமல், இந்தக் காலத்துக் களிசான்போல இறுக்கி வெட்டினேன். நீ போட்டுப் பார்த்து பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தாய். கிழிந்த சத்தம் குசினியில் நின்ற என் மனைவிக்கும் கேட்டது.

"அவங்கள் குதிரை ஏறின ஆக்கள் மச்சான். அந்தத் தொளதொளப்பு சும்மா இல்லை" என்று சிரித்தாய். புறக்கோட்டைக்குப் போய் மறுபடி துணி வாங்கினோம்.

இரண்டாவது களிசான் அளவாக வந்தது. ஆனால் ஒவ்வொரு ஒத்திகைக்கும் நாடாவை இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டியிருந்தது.

"துணி இளகிப் போச்சோ?" என்று கேட்டேன்.

"துணி இல்லை, நான்தான். பொரளை ஆசுபத்திரிக்குப் போய்க் காட்டினனான். வயித்தில கட்டியாம். நாடகம் முடியுமட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதை. வேற ஆளுக்குக் குடுத்திடுவாங்கள்."

"வீட்டில?"

"அவவுக்குத் தெரியும். அவதான் போய் நடியுங்கோ எண்டவ."

இடுப்புப் பட்டியைப் பிரித்து, இரு பக்கமும் உள்ளே பிடித்துத் தைத்தேன்.

கடைசிக் காட்சியில் அதிகாரி குருவானவர் முன் முழந்தாளிட்டு, தானே எழுந்து, வாளைக் கீழே வைத்துவிட்டுப் போகவேண்டும். நீ முழந்தாளிட்டாய். எழும்பவில்லை. திரையோரம் நின்ற எனக்கு உன் தொடை நடுங்குவது தெரிந்தது. மேடைக்கு ஓட ஒரு காலை எடுத்து வைத்துவிட்டேன். அதற்குள் குருவானவராக நடித்தவர் குனிந்து உன் இரு கைகளையும் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். முன்வரிசையில் யாரோ அழுதார்கள்.

வாளை வைத்துவிட்டு நடந்து வந்த நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு, "கிழியேல்லை மச்சான்" என்றாய்.

அடுத்த நத்தார்ப் பண்டிகைக்கு நீ இல்லை.

நேற்று புதிய பிரதியைத் தந்தார்கள். 'குருவானவர் அதிகாரியைத் தூக்கி நிறுத்துகிறார்' என்று அதில் அச்சடித்திருக்கிறது. ஒத்திகையில் புதியவர் முழந்தாளிட்ட உடனேயே தூக்கச் சொல்லிக் கையை நீட்டிவிட்டார். நான் எழும்பி அவரிடம் போனேன்.

"தம்பி, கையை நீட்டாதேங்கோ. அவர் நீட்டேல்லை."

"ஆர் அங்கிள்?"

உன் பெயரைச் சொன்னேன்.