வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை

12 ஆகஸ்ட் 2002, திங்கள்

காலையிலிருந்து மழை. ஆபீஸில் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களும் மழையைப் பற்றிப் பேசத்தான் வந்தார்கள். என் மேசையில் பதினாறு கோப்பு. எல்லாம் வண்டிச் சேதம்: நசுங்கிய பானட், உடைந்த ரேடியேட்டர், சர்வேயர் எடுத்த போட்டோக்கள். இந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பத்தொன்பது வருடமாக இதையேதான் பார்க்கிறேன். போட்டோவைப் பார்த்தாலே எவன் உண்மை சொல்கிறான், எவன் கதை விடுகிறான் என்று சொல்லிவிடுவேன்.

இன்று வந்த ஒன்று: டிராம் கம்பத்தில் மோதிய சின்ன லாரி. முன்னால் தடித்த இரும்புத் தடுப்பு, கார்டு என்பார்கள், போட்டிருக்கிறான். ஒரே ஒரு கீறல். பானட் புதுசு போல் இருக்கிறது. என் தம்பி ஏழுமலை வாடகைக்குச் சரக்கு ஏற்றும் பிக்கப் இந்த வருடம் இரண்டு முறை மூக்கை உடைத்துக்கொண்டு வந்தாயிற்று. அவனையும் ஒரு கார்டு போட வைக்க வேண்டும்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

தம்பி ஏழுவும் அவன் மனைவி பாப்பாவும் மகள் மீராவை அழைத்துக்கொண்டு சாப்பிட வந்தார்கள். ஞாயிறு மத்தியானம் என் வீட்டில்தான் சாப்பாடு என்பது அவன் கல்யாணத்திலிருந்து வழக்கம். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபது. இன்னும் அவன் தட்டில் நான்தான் போட வேண்டும், பாப்பா போட்டால் போதாது என்பான். அவளும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவாள்.

அவள் மீராவுக்குக் கை கழுவிவிடப் போனபோது கார்டு பேச்சை எடுத்தேன்.

"எருமைக்குக் கொம்பு வச்ச மாதிரி இருக்கும்க்கா."

"இருந்தா இருக்கட்டும். எருமைய எவனும் இடிக்க மாட்டான்."

"வெயிட்டு ஏறும். டீசல் குடிக்கும்."

"பத்தொன்பது வருஷமா பாக்கறேன்டா. கார்டு போட்ட வண்டி வந்தா எனக்கு வேலையே இல்ல. உன் அக்கா சொல்றத ஒரு தடவையாவது கேளு."

கேட்க மாட்டேன் என்று சொல்லவில்லை. அப்படியென்றால் கேட்பான் என்று அர்த்தம்.

17 செப்டம்பர், செவ்வாய்

விஸ்வகர்மா பூஜை. கிதிர்பூரில் தம்பி வீட்டுக்குப் போனேன். தெருவெல்லாம் வண்டிகளுக்கு மாலை, மேலே வானம் முழுக்கப் பட்டம். போன வாரம் மல்லிக் பஜார் பட்டறையில் கார்டு மாட்டியாகிவிட்டது. அடிச்சட்டமான சேஸியோடு சேர்த்து நாலு போல்ட். கறுப்புப் பெயின்ட், நடுவில் பாப்பா வைத்த குங்குமம். உண்மையாகவே எருமை மாதிரிதான் இருக்கிறது. அதைச் சொன்னேன், சிரித்தான்.

அப்புறம் தனியாகக் கூப்பிட்டு, "பாப்பாகிட்ட என் ஐடியான்னு சொல்லி வச்சிருக்கேன். எல்லாத்துக்கும் அக்கா முந்தானையப் பிடிச்சிக்கிட்டுத் திரியறேன்னு கிண்டல் பண்றா. மாட்டி விட்டுடாத" என்றான்.

பாப்பா என்னிடம், "பாருங்க அண்ணி, ஆசையா போட்டிருக்காரு" என்றாள். அப்படியா என்று கேட்டுக்கொண்டேன்.

9 அக்டோபர், புதன்

ஏழு போன் செய்தான். கரியாஹாட்டில் பூஜைப் பண்டிகைக் கூட்டத்தில் ஒரு டாக்ஸி பின்னால் வந்து இவன் மேல் மோதியதாம். டாக்ஸியின் விளக்கு போயிற்று, இவனுக்கு ஒன்றுமில்லை. பின்னால்தானேடா மோதினான், கார்டு முன்னாலல்லவா இருக்கிறது என்றால், "எதுவா இருந்தா என்ன, உன் ராசி" என்கிறான்.

27 நவம்பர், புதன்

ஏழு போய்விட்டான்.

15 டிசம்பர், ஞாயிறு

எழுத வேண்டும். எழுதாவிட்டால் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

அன்று காலை ஆறரை மணி. ஷாலிமார் கூட்ஸ் யார்டில் அரிசி ஏற்றி லேக் மார்க்கெட் கடைகளுக்குக் கொண்டு வர வேண்டும். வெறும் வண்டியோடு இரண்டாவது ஹூக்ளி பாலம் இறங்கியிருக்கிறான். சைக்கிள்காரன் ஒருவன் குறுக்கே வந்தானாம். திருப்பியதில் ஓரத்திலிருந்த சிமென்ட் கட்டையில் நேராக மோதிவிட்டான். ரொம்ப வேகம்கூட இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நெஞ்சு ஸ்டியரிங்கில் அடித்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது பேசினானாம். என்ன பேசினான் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. வங்காள மொழியில் பேசவில்லை, அதனால் புரியவில்லை என்றார்கள். தமிழில் பேசியிருக்கிறான். கடைசியாக அவன் சொன்னதைக் கேட்டுப் புரிந்துகொள்ள அங்கே ஒருத்தர் இல்லை.

போலீஸ் தாணாவில் வண்டி நின்றது. அதைப் பார்க்க நான்தான் போனேன், பாப்பாவால் முடியவில்லை. அங்கிருந்த போலீஸ்காரர் நல்ல மனிதர், ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "காடிர் கிச்சு ஹோய்நி திதி." வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, அக்கா.

ஆகவில்லைதான். கார்டு ஒரு விரல்கடை வளைந்திருந்தது. விளக்கு இரண்டும் முழுசு. பானட் அப்படியே. எனக்கு என்ன தோன்றியது என்று எழுதினால்தான் மனசு ஆறும், இல்லை ஆறாது, ஆனாலும் எழுதுகிறேன். "சேதம் மிகக் குறைவு" என்று தோன்றியது. அதே ஆபீஸ் வாசகம். தம்பியின் ரத்தம் இருக்கையில் காயவில்லை, நான் நின்றுகொண்டு பானட்டுக்கு மதிப்பெண் போடுகிறேன். என்ன ஜென்மம் நான்.

23 டிசம்பர், திங்கள்

ஆபீஸுக்குத் திரும்பினேன். மாடியிலிருந்து வெங்கடராமன் சார் இறங்கி வந்தார். திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்தவர். விபத்தில் அடிபட்டவர்கள், இறந்தவர்கள் கோப்பெல்லாம் அவர் பிரிவு. ஏழுவின் கோப்பும் இனி அவரிடம்தான். துக்கம் கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். நான்தான் ஆரம்பித்தேன். வண்டி அப்படியே இருக்கிறதே சார், இவன் மட்டும் எப்படி?

அவர் திருப்பிக் கேட்டார். "கார்டு போட்டிருந்ததா?"

"ஆமா."

"அலிப்பூர் கோர்ட்டுல ஒரு கேஸுல இன்ஜினியர் வந்து சாட்சி சொன்னார். முன்பக்கத் தகரம் நசுங்கறதே ஆளுக்காகத்தானாம். அது நசுங்கற நேரத்துல அடி குறையறது. கெட்டி இரும்பை சேஸியோட முடுக்கிட்டா அது நசுங்கறதில்லே, வண்டி டக்குனு நின்னுடறது. ஆள் நிக்கறதில்லியே." பிறகு, "பெல்ட் போட்டிருந்தாரா?" என்றார்.

போடமாட்டான். சீட்டுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டு வைத்திருப்பான்.

"அப்போ எதுனாலன்னு யாராலயும் சொல்ல முடியாது, நீலாவதி" என்றார்.

கார்டு போட்ட வண்டி என் மேசைக்கு வந்தால் வேலையே இல்லை என்று நான் பெருமையடித்துக்கொண்டதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நீங்க வண்டியப் பார்க்கறேள், நான் ஆளைப் பார்க்கறேன். ரெண்டு மேசையும் ஒரே ரூம்ல இருந்திருந்தா ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கும்" என்றார்.

பத்தொன்பது வருஷம். வண்டி எண் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை மாடிப்படி ஏறியிருந்தால்?

17 ஜனவரி 2003, வெள்ளி

மூன்று வாரமாக மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மாடியில்தான் இருக்கிறேன். என் பதிவேட்டில் கார்டு என்று குறித்த வண்டிகளின் எண்ணை அவர் கோப்புகளில் தேடுகிறேன். நான் "சேதம் மிகக் குறைவு" என்று முடித்துக் கட்டிய வண்டிகளில் ஏழு வண்டிகள், மாடிக் கோப்புகளில் ஓட்டுநர் பெயரோடு இருக்கின்றன. இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். ஆனால் கார்டு போட்டும் ஒரு கீறலில்லாமல் இறங்கி வந்தவர்கள் எத்தனையோ பேர். கார்டு இல்லாமல் செத்தவர்களும் இருக்கிறார்கள். எது எவ்வளவு வேகம், யார் பெல்ட் போட்டார்கள், ஒன்றும் எழுதியில்லை.

இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். எனக்கு வேண்டியது நிரூபணமா? "நீ இல்லை" என்று எந்தக் காகிதமாவது சொல்லாதா என்றுதான் தேடினேன். எதுவும் சொல்லவில்லை.

2 பிப்ரவரி, ஞாயிறு

வண்டி தாணாவிலிருந்து வந்துவிட்டது. வேறு வழியில்லை, ஓட்டித்தான் ஆக வேண்டும். பாப்பா ஒரு டிரைவர் பார்த்திருக்கிறாள். ஷியாமல், நாற்பது வயதிருக்கும், இரண்டு பெண்கள். அமைதியான ஆள். ஸ்டியரிங் மாற்றியாயிற்று, இருக்கை மாற்றியாயிற்று. கார்டை மட்டும் தட்டி நிமிர்த்தி மறுபடி மாட்டச் சொல்லியிருக்கிறாள்.

"அது அவரு ஆசையா போட்டது அண்ணி. அத மட்டும் மாத்த மாட்டேன்."

வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். கோழை.

9 பிப்ரவரி, ஞாயிறு

சொல்லிவிட்டேன். மீரா பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். பாப்பா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்தக் கார்டு அவன் ஆசையில்லை, என் பிடிவாதம் என்றேன். மாடியில் பார்த்ததைச் சொன்னேன். அதனால்தான் என்று சொல்ல முடியாது, அதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது, ஷியாமலுக்கும் அப்படி ஒன்று ஆகிவிடக் கூடாது, கழற்றிவிடு என்றேன்.

ரொம்ப நேரம் கீரையையே ஆய்ந்தாள். தண்டை எல்லாம் நல்ல கீரையோடு போட்டாள்.

"அவரு எங்கிட்டப் பொய் சொன்னாரா?"

அதைத்தான் முதலில் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

2 மார்ச், ஞாயிறு

பாப்பா தானாகவே வந்தாள். முகம் வீங்கியிருந்தது. கார்டு இருக்கட்டும் என்றாள்.

"ஏன் பாப்பா?"

"கழட்டினா நீங்க சொன்னது நெசம்னு ஆயிடும். நெசம்னா உங்க மூஞ்சிய என்னால பாக்க முடியாது. உங்கள விட்டா இந்த ஊர்ல எனக்கு யாரு இருக்கா? எரும்புதானே, கெடந்துட்டுப் போவுது."

இரும்பு என்பது அவள் வாயில் எப்போதும் எரும்புதான். ஏழு அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வான்.

சரி என்று சொல்லிவிட்டேன். சோறு போட்டேன், சாப்பிட்டாள். மீரா என் மடியில் தூங்கினாள். கீழே ஷியாமல் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தது ஜன்னலில் தெரிந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

8 மார்ச், சனி

ஆறு நாள் ஒரு வாய் சோறு இறங்கவில்லை. யாரோ பெற்ற பிள்ளையை அந்த வண்டியில் உட்கார வைத்து எனக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடா? இன்று ஆபீஸிலிருந்து நேராகக் கிதிர்பூர் போனேன். உட்காரக்கூட இல்லை.

"கழட்டிடு பாப்பா. என் மூஞ்சியப் பாக்க வேணாம்."

"அண்ணி..."

"நெசம்னே வச்சிக்கோ. நான்தான்னு வச்சிக்கோ. அந்தாளு ரெண்டு பொண்ணு வச்சிருக்கான். கழட்டிடு."

திரும்பி நடந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிடுவாள் என்று டிராம் நிறுத்தம் வரை காதைத் தீட்டிக்கொண்டு போனேன்.

20 மார்ச், வியாழன்

ஷியாமல் போன் செய்தார். கார்டைக் கழற்றிவிட்டார்களாம், பழைய பம்பரையே மாட்டியாயிற்றாம். பெல்ட் போடச் சொன்னேன், போடுகிறேன் என்றார். பாப்பாவிடம் கொடுங்கள் என்றேன். கொஞ்சம் பொறுத்து, "பௌதி வேலையாக இருக்கிறார்" என்றார். பாப்பாவை அவர் பௌதி, அண்ணி என்றுதான் கூப்பிடுவார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள்.

14 ஏப்ரல், திங்கள்

சித்திரை ஒன்று. துக்க வருடம், பண்டிகை இல்லை. இருந்திருந்தாலும் யாருக்குச் சமைப்பது?

31 மே, சனி

லேக் மார்க்கெட்டில் காய்கறிக் கடையருகே மீராவைப் பார்த்தேன். உயரமாகியிருக்கிறாள். "அத்தை" என்று ஓடி வந்தாள். பாப்பா அவள் கையைப் பிடித்துச் சாலையின் எதிர்ப்பக்கம் அழைத்துக்கொண்டு போய்விட்டாள். குழந்தை திரும்பித் திரும்பிப் பார்த்தது. பாப்பா மேல் எனக்குக் கோபமில்லை. நான் வாங்க வந்தது என்ன என்பதே மறந்துபோய் வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன்.

22 ஜூலை, செவ்வாய்

மூன்றாவது கோப்பைப் பிரித்ததும் ஏழுவின் வண்டி எண்.

டயமண்ட் ஹார்பர் ரோட்டில் மழையில் சறுக்கி, நின்றுகொண்டிருந்த லாரியின் மேல் மோதியிருக்கிறது. போட்டோவில் முன்பக்கம் என்று ஒன்றுமே இல்லை. பானட் இரண்டாக மடிந்து நிற்கிறது. ரேடியேட்டர் போய்விட்டது, விளக்கு இரண்டும் போய்விட்டன. சர்வேயர் "கடும் சேதம்" என்று இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறார்.

போட்டோவைக் கவிழ்த்துவிட்டு ஷியாமலின் வாக்குமூலத்தைத் தேடினேன். வங்காள மொழியில் ஐந்து வரி. பெல்ட் போட்டிருந்தேன். முழங்காலில் சிராய்ப்பு. இறங்கி, வண்டியை இழுக்க ஆள் கூப்பிட்டேன். பட்டறையில் விட்டேன். பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன்.

காப்பாற்றியது பெல்ட்டா, நசுங்கிய தகரமா? தெரியாது. இனியும் தெரியப்போவதில்லை. ஐந்தாவது வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

உறவினர் கோப்பை நான் முடிக்கக் கூடாது என்பது விதி. பக்கத்து மேசைத் தபஸியிடம் தள்ளினேன். அவள் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். அங்கே பாப்பா தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"இது என்ன எழுத்து, நீலா திதி?"

"தமிழ்."

"உங்களுக்குச் சொந்தமா?"

"தம்பி பெண்டாட்டி" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லி மாதங்களாகிவிட்டன.

அவள் போட்டோவைத் திருப்பினாள். முகம் சுருங்கிவிட்டது. "ஐயோ, ஓட்டினவர் என்ன ஆனார்?"

"பஸ்ஸில வீட்டுக்குப் போயிட்டார்" என்றேன். அதைச் சொன்னதும் ஆபீஸ் என்றுகூடப் பார்க்காமல் அழ ஆரம்பித்துவிட்டேன்.