தலையணையில் கிடந்த முடி

பேரிகை,
6.7.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

ஹரிணி எழுதுவது. தொண்டையில் போட்ட கட்டைப் பிரித்துவிட்டார்களா? போன் செய்தாலும் உன்னால் பேச முடியாதே. அதனால் ரோஜா வண்டி ஓட்டும் ஆஞ்சப்பன் மாமாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இரண்டாவது ஊசி வேண்டாமென்று கையை இழுத்துக்கொண்டாயாமே! கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. பண்ணையில் ரோஜாவுக்கு முள் எடுக்கும்போது விரலெல்லாம் குத்திக்கொள்கிறேன். "ஏ பொண்ணு, பூவப் பாரு, ரோட்டப் பாக்காத" என்கிறார் மேஸ்திரி. யாராவது திட்டினார்களா? வலி தாங்கவில்லையா? மருந்து விட்டுப்போனால் கட்டி திரும்பவும் வருமாம். மறைக்காமல் எழுது.

உன் மகள்,
ஹரிணி


பெங்களூரு,
9.7.2024

கண்ணு ஹரிணிக்கு,

யாரும் திட்டவில்லை. வலியும் இல்லை. ஆபரேஷனுக்கு முன்னால், பிழைத்தால் தலைமுடி தருகிறேன் என்று மலைக்கோயில் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டேன். முதல் ஊசிக்கே கொத்தாக உதிர்கிறது. சாமிக்கென்று சொன்னது குப்பைக்கூடைக்குப் போகலாமா? இன்னொரு ஊசி போட்டால் கொடுக்க என்ன மிஞ்சும்?

உதிர்ந்ததையெல்லாம் பொறுக்கித் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். நர்ஸ் சரிதா பார்த்துவிட்டாள். நம் ஓசூர்ப் பெண்தான். திட்டப்போகிறாள் என்று பயந்தேன். அவளோ பக்கத்தில் உட்கார்ந்து, "யாருக்கும்மா எடுத்து வெச்சிருக்கீங்க?" என்றாள். எழுதிக் காட்டினேன். மறுநாள் மஞ்சள் துணி கொண்டுவந்தாள். அதில் முடிந்து அனுப்பியிருக்கிறேன். மலையில் சேர்த்துவிடு. சேர்ந்தது தெரிந்தால்தான் கையை நீட்டுவேன். வெள்ளிக்கிழமைக்கு மேல் தள்ளக்கூடாது என்கிறார் டாக்டரம்மா.

அம்மா


பேரிகை,
11.7.2024

அம்மா,

மலைக்குப் போனேன். மொட்டை போடுகிறவர் துணியை அவிழ்த்துப் பார்த்தார். "உதுந்த முடி ஆவாதும்மா. கத்தி படணும். உங்கம்மாவக் கூட்டிக்கினு வா" என்றார். வரிசையில் ஒருவர், "சீப்புல வந்ததயெல்லாம் கொணாந்துட்டியா?" என்று சிரித்தார்.

எப்போதும்போல் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிவிட்டேன். பாதிப் படியில் வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. திரும்பவும் ஏறினேன்.

"இது சீப்புல வந்தது இல்லீங்க. எங்கம்மாவுக்குப் புத்துநோய். ஆஸ்பத்திரியில ஒவ்வொண்ணாப் பொறுக்கிக் குடுத்திருக்காங்க. கத்திதான படணும்? இங்கயே வெச்சி அறுங்க" என்றேன்.

மொட்டை போடுகிறவர் முடியில் தண்ணீர் தெளித்து, நடுவில் கத்தி வைத்து அறுத்தார். சிரித்தவரும் கோவிந்தா போட்டார்.

சேர்ந்துவிட்டது அம்மா. கையை நீட்டு.

ஹரிணி


பெங்களூரு,
13.7.2024

கண்ணு,

நேற்று கையை நீட்டிவிட்டேன். இன்று காலை தலையணையில் கிடந்ததை நான் பொறுக்கவில்லை. சரிதா பெருக்கிக்கொண்டு போனாள். அடுத்த ஊசியை நினைத்தால் இப்போதே பயமாக இருக்கிறது என்று எழுதிக் காட்டினேன். "பயந்துக்கினே போட்டுக்கலாம்மா, நான் பக்கத்துல நிக்கறேன்" என்றாள்.

பஸ்ஸில் டிக்கெட் வாங்கக்கூட என்னை முன்னால் தள்ளுகிறவள் நீ. மலையில் அத்தனை பேருக்கு நடுவே பேசியது நீதானா? என் குரல் எங்கே போயிற்று என்று இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

அம்மா