சாலை முனையில் கட்டிய பேனர்

செவ்வாய், இரவு

அந்தப் பேனரைக் கட்டாமலே இருந்திருக்கலாம்.

மலேசியாவில் பெடாஸ் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பு இது. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளை, பெற்றோர் வேலை முடிந்து வரும்வரை இத்தனை வருடமாக என் வீட்டில்தான் வைத்திருக்கிறேன். சோறு போடுவேன், பாடம் சொல்லிக்கொடுப்பேன். லைசென்ஸ் எங்கே என்று யாரும் கேட்டதில்லை. போன வாரம் அந்தப் பிள்ளைகள் பள்ளியில் பரிசு வாங்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்த்துப் பேனர் அடித்துச் சாலை முனையில் கட்டினேன். பிள்ளைகள் படம் சின்னதாக, என் படம் பெரிதாக, கீழே என் போன் நம்பர்.

"பிள்ளைங்க பேர மட்டும் போட்டா போதும்லா," என்றார் என் வீட்டுக்காரர். கேட்டேனா?

நேற்று நலத்துறை அதிகாரி அந்தப் பேனரைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். தீயணைப்புத் துறை, சுகாதாரத் துறை, நகராண்மைக் கழகம் எல்லாம் சம்மதித்து, பதிவும் ஆன பிறகுதான் பிள்ளைகளைச் சேர்க்கலாமாம். பாம்பு வருகிறதென்று நான் ஆணியடித்து மூடிய பின்கதவை முதலில் திறக்க வேண்டுமாம்.

இப்போதைக்குப் பிள்ளைகளை அனுப்ப வேண்டாமென்று பெற்றோரிடம் சொல்லிவிட்டேன். ஆனாலும் இன்று மதியம் பள்ளி வேன், என்னிடம் வரும் பிள்ளைகளில் ஒருத்தியான கவிதாவை வாசலில் இறக்கிவிட்டுப் போனது. அவள் அம்மா சிரம்பான் தொழிற்சாலையிலிருந்து வர இருட்டிவிடும்.

"உள்ள விடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கம்மா."

"வெளிய உட்காரலாம்தானே டீச்சர்?"

நான் அவிழ்த்து வந்து வாசலில் போட்டிருந்த பேனரை விரித்து, என் முகத்தின்மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். உள்ளே நின்றபடி சோறு நீட்டினேன். பூட்டியிருந்த கிரில் கதவின் கம்பிக்கு நடுவே தட்டு நுழையவில்லை.

பூட்டைத் திறந்து கொடுத்தேன். மறுபடியும் பூட்டினேன்.