தீர்ப்பில் நீங்கள் என் அப்பா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ஜெயித்துவிட்டோம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கடிதம் வந்தாலும் கடைசி வரியை முதலில் படிக்கிற ஆள் நீங்கள்.

நேற்று தாராபுரத்தில் மேல்கோர்ட் தீர்ப்புச் சொன்னது. நான் உங்கள் மகள்தானாம். இரண்டு பிள்ளை பெற்றவள், அதைக் கேட்டுவிட்டுக் கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். எங்கள் வக்கீல் பயந்துபோய், “ஏனுங்கம்மா, நாம ஜெயிச்சிருக்கறமுங்க” என்று இரண்டு தடவை சொன்னார்.

நீங்கள் போன பிறகு நடந்த கூத்தெல்லாம் உங்களுக்குத் தெரியாதல்லவா? வாரிசுச் சான்று கேட்டுத் தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்தேன். தங்கவேல் அண்ணன் ஆட்சேபம் செய்தார். ஆமாம், உங்கள் அண்ணன் மகன்தான். நீங்கள் தோளில் சுமந்து திருவிழா காட்டிய அதே தங்கவேல். “ருக்குமணி எங்கப்பாவுக்குப் பிறந்தவள், என் கூடப்பிறந்த தங்கச்சி. சித்தப்பாவுக்குக் குழந்தையே கிடையாது” என்று கோர்ட்டுக்குப் போனார். பெரியப்பாவும் உங்களுக்கு முன்பே போய்விட்டதால், உங்கள் தோட்டமும் தேங்காய்க் களமும் அண்ணன் பிள்ளைகளுக்குத்தான் வரவேண்டும், எனக்கு அதில் ஒரு பங்குதான் என்பது அவர் வாதம். சொத்துக்காகத் தங்கையை விரட்டுகிற அண்ணன்களைப் பார்த்திருக்கிறேன். சொத்துக்காக ஒருத்தியைத் தங்கையாக்கிக்கொண்ட அண்ணனை இப்போதுதான் பார்த்தேன்.

கீழ்க்கோர்ட்டில் தோற்றுப்போனேன். அவர்கள் பள்ளிக்கூடச் சான்றிதழைக் காட்டினார்கள். அன்றைக்கு என்னைச் சேர்க்க வந்தவர் பெரியப்பா. “உங்கப்பா பேரென்ன கண்ணு?” என்று வாத்தியார் கேட்டதும் நான் பக்கத்தில் நின்றவரைக் கைகாட்டினேன், அவர் பெயரே ஏறிவிட்டது. என் கல்யாணப் பத்திரிகையும் குடும்பத்தில் மூத்தவர் என்று பெரியப்பா பெயரில்தான் அச்சாகியிருந்தது. அதற்கும் மேலே, கல்யாணமாகிக் கோயமுத்தூர் வந்தபிறகு நான் உங்களுக்கு எழுதிய கடிதங்கள். ஒன்றுவிடாமல் பீரோவில் வைத்திருந்தீர்களாமே! எல்லாமே “அன்புள்ள சித்தப்பாவுக்கு” என்றுதான் ஆரம்பிக்கின்றன. பெற்ற அப்பாவை எந்தப் பெண்ணாவது சித்தப்பா என்று எழுதுவாளா என்று அவர்கள் வக்கீல் கேட்டார். கோர்ட்டுக்கும் அது நியாயமாகப் பட்டுவிட்டது. நான் பெரியப்பாவின் மகள் என்று எழுதிவிட்டார்கள்.

நான் என்ன சொல்ல? வீட்டில் பிறந்தேன், பிறப்பைப் பதிவு செய்யவில்லை. ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றால் நீங்கள் இல்லை. என்னைப் பெற்றவள் ஒன்பதாம் நாளே காய்ச்சலில் கண்ணை மூடிவிட்டாள், பெரியம்மாதான் தன் பிள்ளைகளோடு சேர்த்து என்னையும் வளர்த்தாள். அவர்கள் அவளை அம்மா என்றார்கள், நானும் அம்மா என்றேன். உங்களைச் சித்தப்பா என்றார்கள், நானும் சித்தப்பா என்றேன். ஒரே அடுப்பில் பொங்கித் தின்கிற வீடுகளில் பாதிப் பிள்ளைகள் இப்படித்தானே கூப்பிடுகின்றன?

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு உங்கள்மேல்தான் கோபம் கோபமாக வந்தது. ஒரு தடவையாவது “அப்பான்னு கூப்பிடு புள்ளே” என்று அதட்டியிருக்கக் கூடாதா? பள்ளிக்கூடத்துக்கும் வரவில்லை, பத்திரிகையிலும் பெயர் போடச் சொல்லவில்லை. பெண்டாட்டியைக் கொன்று பிறந்தவள் என்று மனசுக்குள் என்னை வேண்டாமென்று வைத்துவிட்டீர்களோ என்றுகூட நினைத்தேன். சொத்துப் போனால் போகட்டும், இது மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. உங்களிடம் கேட்கவும் வழியில்லையே?

கீழ்க்கோர்ட்டுக்கு நான் அம்மாவைச் சாட்சிக்கு இழுக்கவில்லை. பெற்ற மகனுக்கு எதிராக அவளை எப்படி நிற்கவைப்பது? ஆனால் தோற்ற சேதி தெரிந்ததும் அவளே காங்கேயத்தில் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். “இப்படிப் பண்ணிப்போட்டானே! என்ற வாய்ல இருந்து சொன்னாத்தான் ஆவும்னா, நா வாரேன் கண்ணு” என்றாள். அப்பீலில் அவளை விசாரிக்க வக்கீல் அனுமதி வாங்கினார்.

கூண்டில் ஏறினாள். எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்த எடுப்பில் கேட்டார்.

“ருக்குமணி உங்களை என்னன்னு கூப்பிடும்?”

“அம்மான்னுங்க.”

“அப்ப நீங்கதானே பெத்தீங்க?”

“இல்லீங்க. நா பெக்கலீங்க.”

சித்தப்பா, உண்மைதான், அதைச் சொல்லத்தான் அவளை அழைத்துப் போனேன். ஆனாலும் அவள் வாயால் கேட்டதும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“பெத்தவர் கொழுந்தனார்னா, அப்பான்னு கூப்பிடச் சொல்லி அவர் ஏன் பழக்கலை?” என்று விடாமல் கேட்டார் வக்கீல். அம்மா கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“நானே ஒருக்காச் சொன்னனுங்க. கொழுந்தனாருதான் வேண்டாம்னுட்டாரு. ‘அண்ணி, என்னை அப்பாங்கோணும்னா உங்களைப் பெரியம்மாங்கோணும். அப்பறம் அம்மான்னு கூப்பிட அதுக்கு ஆரு இருக்கறா? நா சித்தப்பனாவே இருந்துட்டுப் போறேன், புள்ளைக்கு அம்மா இருக்கட்டும்’ன்னாருங்க. என்ற மக இன்னைக்குத்தானுங்க இதையக் கேக்கறா.”

தங்கவேல் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நான் உங்களை எத்தனை திட்டினேன் என்பது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. என்ன மனுசன் நீங்கள்! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

மகனுக்கு எதிராகப் பொய் சொல்ல இந்தத் தாய்க்கு ஒரு காரணமும் இல்லை என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறார்கள். நேற்று வெளியே வந்ததும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். லேத் பட்டறைச் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. “நான் சின்னச்சாமி மகள்!” என்று உங்கள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். “அது எனக்குத் தெரியுமே, கேஸ் என்னாச்சு?” என்கிறார். பூத்துக்காரர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. அப்புறம்தான் பசியே தெரிந்தது.

தீர்ப்புக் கேட்கக் கூட வந்திருந்த அம்மா, திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தை வெளியே திருப்பியே வந்தாள். மகனை நினைத்து வருந்துகிறாள் என்று விட்டுவிட்டேன். பாதி வழி வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: “ஏன் அம்மணி, கோர்ட்டுல எழுதிப்போட்டாங்களே. இனிமே நீ என்னையப் பெரியம்மான்னுதான் கூப்புடோணுமா?”

அதனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். தாலுகா ஆபீசுக்கும் சர்க்காருக்கும் நீங்கள் என் அப்பா. அங்கே ஒரு எழுத்தையும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். என் வாயில் மட்டும் கடைசிவரை நீங்கள் சித்தப்பாதான். அம்மாவுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அவள் என் தோளில் சாய்ந்து, கோயமுத்தூர் வரும்வரை தூங்கினாள்.

இப்படிக்கு,
உங்கள் மகள்
ருக்குமணி