அரிசி டிரம்மில் இருந்த ரிப்போர்ட்

அம்மா,

ஏழரை பஸ்ஸில் திருச்சி லேபுக்குப் போகிறேன். சாவி சித்தி வீட்டில். மீனைக் கழுவி மஞ்சள் தடவி வைத்திருக்கிறேன். பூனை வரும், மூடியைத் திறந்து போடாதே.

அக்காவின் ரிப்போர்ட்டை அரிசி டிரம்முக்குள் ஒளித்தது நீதானே. முந்தாநாள் உலைக்கு அரிசி அள்ளும்போது கையில் தட்டுப்பட்டது. லேபில் கேட்பார்கள், எடுத்துப் போகிறேன். அவள் ரத்தம் சீக்கிரம் உறைந்துவிடுவது பிறவியிலேயே வந்தது என்று அதில் இருக்கிறது. எனக்கும் இருக்கலாம், பாதிக்குப் பாதி.

"ரத்தத்துல குத்தம்னு ஊருக்குச் சொல்லவாடி ஒன்னைய பி.எஸ்சி. படிக்க வச்சேன்?" என்று நேற்றுக் கேட்டாய். அதற்குப் பதில் இது. பிள்ளை பெற்ற வீக்கம் என்று அக்கா காலுக்கு நீ ஒத்தடம் கொடுத்தாய். படித்த நானும் எண்ணெய் தேய்த்துவிட்டேன். உள்ளே ரத்தம் கட்டியிருந்தது ஆஸ்பத்திரியில் சொல்லும்வரை நம் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டால், பிள்ளை உண்டாகும்போதே ரத்தம் கட்டாமலிருக்க ஊசி போட்டுக்கொள்ளலாம்.

மூன்று மணிக்குள் வந்துவிடுவேன். கறம்பக்குடிக்காரர்கள் நாலு மணிக்குத்தானே பெண் பார்க்க வருகிறார்கள். பிரஷர் மாத்திரையை மறக்காதே.

லீமா

மடித்த சீட்டைப் பிரித்து எழுதுகிறேன். இதையெல்லாம் நேற்றே அந்த மாப்பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். படித்துவிட்டார், பதில் இல்லை. பஜ்ஜிக்கு மாவு கரைத்து வை. எண்ணெயை மட்டும் அவர்கள் வந்த பிறகு காய வை.