எந்த வெள்ளி?

4.3.1944
அப்பா சைக்கிளை விற்கப்போகிறார், எங்கள் சைக்கிளை! அம்மாவுக்கு மலேரியா விடவில்லை. கோலா பிலாவில் ரகசியமாகக் கொய்னா கிடைக்கிறதாம், முந்நூறு வெள்ளி. தரகர் திருநாவுக்கரசு வந்து சைக்கிளைத் தட்டிப் பார்த்தார். "மண்டோரே, இப்ப சைக்கிள் சராசரி இருநூறுக்குத்தான் போவுது லா." தோட்டத்தில் ஆள்களை மேய்க்கிற அப்பா இவரிடம் தலையாட்டினார். மீதி நூறுக்கு எங்கே போவது?

5.3
தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஜப்பான்காரனுக்குப் பயந்து ஓடும்போது விட்டுப்போன புத்தகம் இருக்கிறதே! எந்த ரப்பர் மரம் அதிகப் பால் தரும் என்று சோதிப்பது. அகராதியை வைத்து நானே படித்தேன், என்ன அழகு! ஒருவர் சொல்வதை முதலில் உண்மை என்றே வைத்துக்கொள். அப்படியானால் கையிலுள்ள எண்கள் தற்செயலாக இப்படி வருமா? வராதென்றால் அவர் பேச்சு விழுந்தது. மரத்துக்கு ஆவது சைக்கிளுக்கு ஆகாதா?

8.3
மம்பாவ் வரை போய், சைக்கிள் விற்ற எட்டுப் பேரைக் கேட்டேன். சராசரி இருநூற்றுப் பதினாலு. ஒருவருக்கு முந்நூற்று முப்பது, ஒருவருக்கு ஐம்பது. இவ்வளவு சிதறினால் பதினாலு வெள்ளி வித்தியாசம் சும்மாவே வரும். தரகரை மறுக்க வழியில்லை. போச்சு. எல்லாம் போச்சு.

ஜப்பான் சண்டைக்கு முன்னால் சி ரூசா கடலுக்குப் போவோம். முன்கம்பியில் நான், பின்னால் அம்மா. மேடு வந்தால் அம்மா குதித்து இறங்கி, சிரித்துக்கொண்டே தள்ளுவார்.

9.3
ஐம்பதுக்கு விற்ற பாஞ்சாலை அக்காவிடம் மறுபடி போனேன். "ஏங்க்கா இவ்ளோ கம்மியா குடுத்தீங்க?"

"மெதுவாப் பேசுடி! நான் வாங்குனது இங்கிலீசு ராசா தலை போட்ட பழைய வெள்ளி, ஒண்ணு அஞ்சாறுக்குச் சமம். ஜப்பான்காரன் வாழைமர நோட்டு யாருக்கு வேணும்?"

ஐயோ! ரெண்டுக்கும் வெள்ளின்னுதானே சொல்றோம்! பிடிபட்டால் தலை போகுமே, பழைய நோட்டைப் பதுக்கியவர்கள் வாய்திறந்து சொல்வார்களா? ஓடி ஓடி மற்றவர்களையும் கேட்டேன். அக்காவோடு சேர்த்து மூவர் வாங்கியது பழையது. மீதி ஐந்தும் வாழைமர நோட்டு: இருநூற்றுத் தொண்ணூறிலிருந்து முந்நூற்று முப்பதுக்குள், சராசரி முந்நூற்றுப் பத்து. இருநூறு உண்மையானால் ஐந்தும் இப்படி முந்நூறை ஒட்டி நிற்காது.

"அப்பா, விழுந்துருச்சு!"

"ஆயி, என்னா விழுந்துச்சு?"

"தரகரு பேச்சு!"

10.3
"யாரு சொன்னா முந்நூறுன்னு?" என்றார் தரகர்.

"எம்மவ. மரத்துல பால் பாக்குற மாதிரி ஒன் வெலையப் பாத்துட்டா."

முணுமுணுத்துக்கொண்டே முந்நூறு எண்ணி வைத்தார். சைக்கிளை உருட்டிப் போகும்போது நான் பார்க்கவில்லை.

21.3
அப்பா காலையில் பெரட்டுக்கு, ஆள்களைப் பெயர் கூப்பிட, நடந்து போனார். கொய்னா தின்ற அம்மா இன்று யாரும் பிடிக்காமல் எழுந்து வாசலுக்கு வந்தார்.

"ஒங்கப்பா நடையப் பாரேன். வாத்து மாதிரி."